சென்னை லாட்ஜ் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

எழும்பூர், பெரியமேடு, சென்ட்ரல் சுற்றுவட்டாரத்தில் லாட்ஜ் நடத்தும் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் வணக்கம்.

நான் குடியாத்தத்துக்கும் பலமநேருக்கும் நடுவே, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர்க்காரி. எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கும் கடைவீதியில் தமிழும் பேசுவோம். பரீட்சை, இன்டர்வியூ, பெரிய ஆஸ்பத்திரி என்றால் சென்னைக்குத்தான் வருவோம். என்னோடு வருகிறவளை உங்கள் ரெஜிஸ்டரில் தோழி என்று எழுதுவேன். அவள் என் துணை. நாங்கள் தன்பாலீர்ப்புப் பெண்கள்.

கவுண்டரில் முதலில் வரும் கேள்வி, "கூட ஜென்ட்ஸ் யாரும் வரலையா?" அடுத்தது, "ரெண்டு பேரும் என்ன உறவு?" அக்கா தங்கை என்றால் ஆதாரில் அப்பா பெயர் இடிக்கிறது. சித்தி மகள் என்று சொல்லிப் பார்ப்போம். ஒரு லாட்ஜில், "சரிம்மா, வீட்டு நம்பர் குடுங்க, ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்" என்றார்கள். பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். மணி இரவு பத்தைத் தாண்டியிருந்தது. சித்தூரிலிருந்து எங்களைப் போலவே ஜோடியாக வரும் ஆண் நண்பர்களுக்கு ரூம் சுலபமாகக் கிடைக்கிறது, ஆனால் ஒரே பெரிய கட்டிலாக டபுள் காட் கேட்டால் முகம் மாறுகிறதாம். அதனால் எப்போதும் இரண்டு கட்டில் ரூமாகவே கேட்கிறார்கள். பெரிய ஓட்டல்களில் இதையெல்லாம் கேட்பதில்லை. அந்த வாடகை எங்களால் முடியாது.

வீட்டு நம்பரைக் கேட்டவர் கெட்டவர் இல்லை. பொறுப்பாக நடப்பதாகவே நினைத்திருப்பார். ஆனால் அந்த ஒரு போன் எங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரியாது. எங்கள் குடியாத்தத்திலேயே நடந்தது. 25 வயதுப் பெண் ஒருத்தி தன் துணையோடு வாழ விரும்பினாள். போலீஸ் அவளைப் பெற்றோருடன் அனுப்பி வைத்தது. வீட்டில் அடித்தார்கள், மாற்றுவதற்காகச் சடங்குகள் செய்ய வைத்தார்கள் என்று அவள் சென்னை உயர் நீதிமன்றத்தில் சொன்னாள். 2025 மே 22 அன்று நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அவளைத் துணையோடு போக அனுமதித்தது. குடும்பத்தார் தடுக்கக் கூடாது, போலீஸ் பாதுகாப்புத் தர வேண்டும் என்றும் சொன்னது. குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்பதும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. அதைப் படித்த அன்று நாங்கள் இரண்டு பேரும் அழுதோம்.

உறவுக்குச் சான்று கேட்டால் காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. அதற்காக நாங்கள் சேர்ந்திருப்பது குற்றம் ஆகிவிடாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவிலிருந்து வயது வந்தவர்கள் சம்மதத்தோடு வாழும் உறவை நீக்கி 2018 செப்டம்பர் 6 அன்றே அதே நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது.

போலீஸ் வந்தால் என்ன செய்வது என்ற உங்கள் பயமும் புரிகிறது. கோயம்புத்தூரில், திருமணமாகாத ஓர் ஆணும் பெண்ணும் தங்கியிருந்ததையும் ஒரு காரணமாகக் காட்டி ஒரு விடுதிக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். அப்படித் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று 2019இல் உயர் நீதிமன்றம் சொல்லி, சீலை அகற்ற உத்தரவிட்டது. அப்புறம், மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய இரண்டு இளம்பெண்களின் வழக்கு. 2021 ஜூன் 7 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அதில் போலீசுக்கே வழிகாட்டினார். காணவில்லை என்று புகார் வந்தாலும், அவர்கள் வயது வந்தவர்கள், சம்மதத்தோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால் வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும். போலீஸே தொந்தரவு செய்யக் கூடாது என்னும்போது, நீங்கள் ஏன் உறவைக் கேட்க வேண்டும்?

எங்களுக்குத் தனிச் சலுகை வேண்டாம். ஆதார் வாங்குங்கள், வயதைப் பாருங்கள், அட்வான்ஸ் வாங்குங்கள். உறவு என்ன என்று கேட்காதீர்கள். நாங்களாகச் சொல்லாமல் வீட்டுக்குப் போன் போடவே போடாதீர்கள். ஆதார் ஜெராக்ஸ் உங்கள் ஃபைலைத் தாண்டி யாருடைய வாட்ஸ்அப்புக்கும் போகக் கூடாது. எங்களுக்கு மிகப் பெரிய பயமே அதுதான். ஒரு படம் எங்கள் எல்லையிலுள்ள சைனகுண்டா செக்போஸ்ட் தாண்டுவதற்குள் ஊரே பார்த்துவிடும். தண்ணீர் வேண்டுமா என்று நள்ளிரவில் கதவைத் தட்டிப் பார்ப்பதும் வேண்டாம்.

ஜூன் கடைசியில் எங்களைப் போன்றவர்கள் சென்னையில் நடத்தும் வானவில் சுயமரியாதைப் பேரணிக்கு வருகிறோம். எங்களைப் போலவே வேலூர், சித்தூர், திருப்பத்தூர் பக்கமிருந்து வருகிறவர்கள் பலர் இரவு ரயிலில் வந்து உங்கள் கவுண்டரில்தான் நிற்பார்கள். அந்த நேரத்தில் இருப்பது நைட் டியூட்டிப் பையன்கள்தான். மேலே சொன்னதை அவர்களிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒருத்தி