மலருக்கு முன் அந்தக் கொப்பிகள்: பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தோருக்கு ஒரு திறந்த மடல்

ஹற்றன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளைப் பகுதிகளில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் ஓய்வுபெற்ற அதிபர்களுக்கும்,

வணக்கம். பேராசிரியர் ஒருவர் மறைந்தால் அஞ்சலிக் கூட்டம் வைக்கிறோம், ஆண்டு நிறைவுக்கு மலர் வெளியிடுகிறோம். இரண்டும் வேண்டும். ஆனால் மலரில் வருவது நம்முடைய நினைவு. அவர் வகுப்பில் சொன்னதும், ஆய்வேட்டின் ஓரத்தில் திருத்தி எழுதியதும் உங்கள் வீட்டு அலுமாரிகளில் கொப்பிகளாகவும் தாள்களாகவும் பதிவு நாடாக்களாகவும் கிடக்கின்றன. அவற்றை இந்த மழைக்காலத்துக்குள் காப்பாற்றித் தாருங்கள்.

பேராசிரியர் சு. வித்தியானந்தனை எண்ணிப் பாருங்கள். 1960களில் கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை என்று மாணவரைக் கொண்டே கூத்துகளைப் பேராதனை மேடையில் ஏற்றியவர். பாட்டு அச்சேறிவிடலாம். விடிய விடிய ஆடிய கூத்தை எங்கே வெட்டினார், எந்த ஆட்டத்தைச் சுருக்கினார் என்பதை ஒத்திகைப் பிரதியின் பென்சில் குறிப்புத்தான் சொல்லும். எல்லா ஆசான்களுக்கும் இது பொருந்தும்.

மலைநாட்டில் தாளுக்கு முதல் எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 65ஐத் தாண்டி நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். ஆகவே அலுமாரியை வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். நான்கு விரல் இடைவெளி விடுங்கள். ரங்குப் பெட்டியை நிலத்திலிருந்து அரையடியாவது உயர்த்துங்கள். நனைந்த தாள் இரண்டு நாளுக்குள் பூத்துவிடும். அதை வெயிலில் போடவே வேண்டாம்; மை வெளிறும், தாள் நொறுங்கும். நிழலில் விரித்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தால் அது தாளுக்குள்ளேயே இறங்கும். நன்றாகக் காய்ந்தபின், முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். பூச்சி உருண்டை பூஞ்சணத்தைத் தடுக்காது. அதன் புகை மனிதருக்கும் ஆகாது.

இராமபாணப்பூச்சி இருந்தால், காய்ந்த தாள்கட்டைப் பொலித்தீன் பையில் இறுக்கி மூடி, பூச்சியத்துக்குக் கீழே 18 பாகை செல்சியஸ் உறைகுளிரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்க வேண்டாம். ஒரு நாள் அப்படியே விட்டால்தான் நீர் தாளில் படியாது.

குண்டூசி, கிளிப், ஸ்டேப்ளர் கம்பி எல்லாம் துருப்பிடித்துத் தாளை அரிக்கும், கழற்றிவிடுங்கள். கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள், பசை மஞ்சளாகி எழுத்துக்குள் ஊறிவிடும். லெமினேட் செய்வதோ இன்னும் மோசம். அதைத் திரும்பப் பிரிக்க முடியாது. ரோனியோ பிரதிகள் (மெழுகுத்தாளில் வெட்டி உருளையில் அச்சிட்டவை) மலிவான தாளில் உருட்டப்பட்டவை, மடிப்பில்தான் முதலில் உடையும். அவற்றை விரித்துத் தட்டையாக வையுங்கள்.

பதிவு நாடாக்களில் கூடுதல் கவனம் வேண்டும். கசெற்றின் மேல்விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்டிக் தடுப்புகளையும் முதலில் உடைத்துவிட்டால் தவறிப்போயும் மேலே பதிவாகாது. வெண்பூஞ்சணம் தெரிந்தால் போட்டுப் பார்க்க வேண்டாம். கருவியும் கெடும், அடுத்த நாடாவும் கெடும். நல்ல நாடாவையும் ஒருமுறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றியபின் கேளுங்கள். கணினியில் எடுக்கும்போது ஒலியைச் சுருக்கிவிடும் எம்பி3 போதாது, சுருக்காத வேவ் (WAV) கோப்பாகச் சேமியுங்கள்.

எழுத்துத் தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியிலும், பென்சில் குறிப்பையும் புகைப்படங்களையும் 600இலும் வருடலாம் (ஸ்கேன் செய்யலாம்). தொலைபேசிதான் உண்டென்றால் சன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், தாளுக்கு நேர்மேலே பிடித்து எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள். பழைய புகைப்படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் ஆண்டு, இடம், நிற்பவர் பெயர் எழுதுங்கள். அடையாளம் காட்டக்கூடிய மூத்தவர்கள் குறைந்துவருகிறார்கள். இந்த ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

ஒன்றை மறக்கலாகாது. ஆசான் உங்களுக்கு எழுதிய கடிதத்தின் தாள் உங்களுடையது. எழுத்தின் உரிமை அவருடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி, அவர் மறைந்து 70 ஆண்டுவரை அது குடும்பத்தாரைச் சேரும். விரிவுரையும் அதில் அடங்கும். பாதுகாக்கலாம், ஆனால் வெளியிடுமுன் அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்தால் மடல் போய்வர மாதங்கள் ஆகலாம். ஆகவே தாள்களை உலர்த்தும்போதே அந்தக் கடிதத்தையும் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
பேராதனைத் தமிழ் மாணவர் சிலர்
கண்டி