ஸ்பேனரோடு வந்த அண்ணாச்சிக்கு நன்றி

பாளையங்கோட்டையில் ஞாயிறு காலை எங்கள் பிஎம்எக்ஸ் (மேடுபள்ளப் பாதையில் ஓட்டும் சின்னச் சைக்கிள் ரேஸ்) பயிற்சிக்கு வந்து, பெயர்கூடச் சொல்லாமல் போன அண்ணாச்சி, உங்களுக்கு மனமார்ந்த நன்றி.

முப்பது வயசுக்கு மேல் ரேஸ் பழக வருகிறவர்களுக்கு ஸ்டார்ட்டிலேயே செயின் கழன்றால், பழி செயின் மேல் போகும். பின்சக்கரம் முன்னால் இழுபட்டு, செயின் தொய்வதுதான் காரணம் என்று காட்டினீர்கள். உடம்பு எடை முழுசும் ஒரே பெடலில் இறங்கும்போது தளர்ந்த நட்டு தாங்காது. சக்கரத்தைப் பின்னால் இழுத்து, நடுவில் நிறுத்தி, 15 நம்பர் ஸ்பேனரால் இரண்டு நட்டையும் மாறி மாறி முறுக்கினீர்கள். செயினை நடுவில் விரலால் தூக்கினால் 1 செ.மீ. அளவு ஆடணும். அதையும் கிராங்கை (பெடல் மாட்டிய தண்டை) சுற்றி, எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே வைத்துப் பார்க்கணும். பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

ரேஸ் தொடங்கும் தடுப்பான ஸ்டார்ட் கேட்டில் முன்கால் பெடல் கிடைமட்டத்துக்குச் சற்று மேலே. மேட்டில் தாவ அவசரம் வேண்டாம். ஏறும்போது கைகாலை மடக்கு, இறங்கும்போது அழுத்து என்றீர்கள். 20 இஞ்ச் சைக்கிளில் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கிற உயரமானவர்களுக்கு பெரிய சக்கரம் உள்ள 24 இஞ்ச் க்ரூசர் சைக்கிளைச் சொன்னீர்கள், அதற்கும் நன்றி. முகம் மூடும் ஹெல்மெட் இல்லாதவரைக் கேட்டில் ஏறவே விடாதது எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி.

உங்கள் ஸ்பேனர் எங்களிடம்தான் இருக்கு, அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை வாங்க.