அது ஆயுள் கணக்கு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கான (ஹார்மோன் சுரக்கும் நரம்புசார் செல்களில் தோன்றும் புற்றுக்கட்டி) மருந்துகள் பற்றிய செய்திகளில் 'ஆயுளை நீட்டித்தது' என்று சுலபமாக எழுதிவிடுகிறார்கள். ஆய்வறிக்கையைப் புரட்டினால், அங்கே முதன்மையாக அளந்திருப்பது பெரும்பாலும் நோய் வளராத காலத்தைத்தான். ஸ்கேனில் கட்டிகளின் விட்டங்களைக் கூட்டுவார்கள். அந்தத் தொகை, அதுவரை பதிவான மிகக் குறைந்த அளவைவிட 20 சதவீதமும், குறைந்தது 5 மி.மீ.யும் கூடினால் நோய் வளர்ந்ததாகக் கணக்கு. புதுக் கட்டி தென்பட்டாலும் அப்படியே.

நெட்டர்-1 ஆய்வில், நடுக்குடலில் தோன்றிப் பரவி, வழக்கமான ஊசிக்கும் அடங்காமல் வளர்ந்த கட்டியுள்ள 231 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு லூட்டீசியம்-177 டோட்டாடேட் என்ற கதிரியக்க மருந்து, 8 வாரத்துக்கு ஒருமுறை 7.4 கிகாபெக்கரல் (கதிரியக்க அளவு) வீதம் 4 தவணை. கூடவே அந்த வழக்கமான ஊசியான ஆக்ட்ரியோடைடு 30 மி.கி. மறுபிரிவுக்கு ஆக்ட்ரியோடைடு மட்டும், 60 மி.கி. 20 மாதம் கழித்து நோய் வளராதிருந்தவர்கள் முதல் பிரிவில் 65.2 சதவீதம், மற்றதில் 10.8 சதவீதம். 2017இல் வந்த இந்த முடிவு மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசத்தைக் காட்டியது. 2021இல் வந்த இறுதிக் கணக்கிலோ இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் உயிரோடிருந்த காலம்) முதல் பிரிவில் 48 மாதம், மற்றதில் 36.3 மாதம். ஏறத்தாழ ஓராண்டு கூடுதல்தான், ஆனால் புள்ளியியல்படி அது உறுதிப்படவில்லை.

அதற்காக மருந்து பலிக்கவில்லை என்று எழுதினால் அதுவும் தவறு. ஒப்பீட்டுப் பிரிவில் 36 சதவீதத்தினர் பின்னர் இதே வகைக் கதிரியக்கச் சிகிச்சையைப் பெற்றார்கள். நோயாளிக்கு அதுதான் நியாயம். ஆனால் இரு பிரிவும் இப்படிக் கலந்தபின் ஆயுள் வித்தியாசம் மங்கத்தான் செய்யும்.

இதைவிடப் பெரிய குழப்பம் இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்து ஒப்பிடுவது. 2014இல் வெளியான கிளாரினெட் ஆய்வில், லான்ரியோடைடு (ஆக்ட்ரியோடைடு போன்ற ஊசி) பெற்றவர்களில் 65.1 சதவீதத்தினருக்கு 24 மாதத்திலும் நோய் வளரவில்லை. கிட்டத்தட்ட நெட்டர்-1இன் எண்ணேதான்! ஆனால் இங்கே 96 சதவீதத்தினருக்கு ஆய்வில் சேருமுன்பே கட்டி வளராமல் நின்றிருந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களிலேயே 33 சதவீதத்தினருக்கு 24 மாதம் வரை வளரவில்லை. எண் ஒன்று, நோயாளிகள் வேறு.

கேஐ-67 அளவையும், அதாவது கட்டியில் பெருகிக்கொண்டிருக்கும் செல்களின் சதவீதத்தையும், செய்தியில் விட்டுவிடக் கூடாது. 3 சதவீதத்துக்குக் கீழே முதல் தரம், 20 வரை இரண்டாம் தரம், அதற்கு மேல் மூன்றாம் தரம். உலக சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டு வகைப்பாடு, செரிமான மண்டலத்தில் 20ஐத் தாண்டிய எல்லாவற்றையும் வேகமாக வளரும் தீவிரப் புற்றான கார்சினோமாவாகவே சேர்த்தது. செல் அமைப்பு கெடாத மூன்றாம் தரக் கட்டிகளை அதிலிருந்து பிரித்தது பின்னர்தான். பழைய ஆய்வுகளில் இவை கலந்தே கிடக்கின்றன.

குரோமோகிரானின் ஏ (இக்கட்டிகள் ரத்தத்தில் விடும் ஒரு புரதம்) குறைந்ததை வெற்றியாகக் காட்டும் செய்திகளிலும் கவனம் வேண்டும். ஒமிப்ரசோல் போன்ற, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளே அதை ஏற்றிவிடும். மாத்திரையை நிறுத்தினால் அளவு தானாக இறங்கும், கட்டி அப்படியே இருக்கும்.

எனவே இனி இத்தகைய செய்தியில் எந்த உறுப்பு, எந்தத் தரம், சேருமுன் கட்டி வளர்ந்துகொண்டிருந்ததா, எதனுடன் ஒப்பிட்டார்கள் என்ற நான்கையும் ஒரு வரியிலாவது சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
புற்றுநோய் ஆய்வுத் தரவுப் பணியில் இருக்கும் வாசகர்