வாளையாருக்கு அந்தப் பக்கம் ஓடும் படம் இங்கே ஏன் ஓடாது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சினிமாவும் அரசியல் சர்ச்சைகளும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நடிகர், இயக்குநர், கட்சித் தலைவர், ரசிகர் என்று எல்லோர் தரப்பும் அதில் இருந்தது. படத்தைத் திரையிடுகிற தியேட்டர்காரர் தரப்பு மட்டும் இல்லை. ஈரோடு மாவட்டத்தில் ஒரு பழைய தியேட்டரைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவன் நான். அந்தத் தரப்பை நானே எழுதுகிறேன்.

தணிக்கைச் சான்றிதழ் வாங்கி வந்த படத்தை, வாசலில் கூட்டம் கூடிவிட்டது என்பதற்காக நிறுத்தக் கூடாது. ஆட்சேபம் உள்ளவர்கள் கோர்ட்டுக்குப் போகட்டும், மேடை போட்டுப் பேசட்டும், படத்தைப் பார்க்காதீர்கள் என்று நோட்டீஸ் கூட அடிக்கட்டும். கோர்ட் தடை போடும்வரை தியேட்டருக்குப் பாதுகாப்புக் கொடுப்பது போலீஸின் வேலை.

நடப்பது தலைகீழாக இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு பெரிய நடிகரின் படம் போட்டிருந்தோம். அதில் ஒரு வசனம் தங்கள் கட்சியைக் குத்துகிறது என்று சொல்லி இரண்டாம் நாள் மேட்னி நேரத்தில் சிலர் வந்தார்கள். பேனரைக் கிழித்தார்கள். டிக்கெட் கவுன்ட்டர் கண்ணாடி உடைந்து, உள்ளே இருந்த பையன் கையில் ரத்தம். பிறகு வந்த அதிகாரி கிழித்தவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக என்னிடம் வந்து, "எதுக்குங்க வம்பு? ரெண்டு நாளைக்கு நிறுத்தி வெச்சுக்குங்க" என்றார். எழுத்தில் உத்தரவு எதுவும் இல்லை. எழுத்தில் இருந்தாலாவது கோர்ட்டில் கேட்கலாம். வாய் வார்த்தையை எங்கே கொண்டுபோய்க் காட்டுவது? புகார் கொடுத்தேன். புகார் வந்து சேர்ந்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். அதற்கு மேல் அது நகரவில்லை.

"ரெண்டு நாள்தானே" என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றும். இன்றைக்கு ஒரு படத்தின் வசூலே அந்த முதல் மூன்று நான்கு நாட்கள்தான். ஒரு மாதத்தில் படம் ஓ.டி.டி.க்குப் போய்விடுகிறது. டிஸ்டிரிபியூட்டருக்கு அட்வான்ஸ் முன்னாலேயே கட்டியாகிவிட்டது. எங்கள் பக்கம் பனியன் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை படம் என்பதுதான் பழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை போனால் போனதுதான். நடிகருக்குச் சம்பளம் வந்துவிட்டது, கட்சிக்காரருக்கு டி.வி.யில் முகம் வந்துவிட்டது. கேன்டீனில் பப்ஸும் டீயும் விற்கிறவரும் சைக்கிள் ஸ்டாண்ட் எடுத்தவரும்தான் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார்கள்.

இதில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெருமை கிடையாது. 2013 ஜனவரியில் முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்த 'விஸ்வரூபம்' படத்துக்குத் தமிழ்நாடு முழுக்கக் கலெக்டர்கள் 144 தடை உத்தரவு போட்டார்கள். ஹைகோர்ட்டில் ஒரு நீதிபதி தடையை விலக்கினார், மறுநாளே இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. கடைசியில் பேச்சுவார்த்தை நடந்து, சில காட்சிகளிலும் ஒலியிலும் கை வைத்த பிறகு பிப்ரவரி 7 அன்று படம் வந்தது. அதற்குள் கோயம்புத்தூரிலிருந்து பலர் கேரள எல்லையிலுள்ள வாளையார் செக்போஸ்ட் தாண்டிப் பாலக்காட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். அதே வருடம் ஆகஸ்டில் 'தலைவா' படமும் இங்கே தள்ளிப்போனது. மற்ற மாநிலங்களில் 9ஆம் தேதி வந்த படம் இங்கே 20ஆம் தேதிதான் வந்தது. செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் கெடாத சட்டம் ஒழுங்கு இந்தப் பக்கம் மட்டும் எப்படிக் கெடும்?

2018 தீபாவளிக்கு வந்த 'சர்கார்' இன்னொரு வகை. அரசு கொடுத்த இலவசப் பொருள்களை நெருப்பில் போடும் காட்சிக்காகவும், ஜெயலலிதாவைக் குறிப்பதாகச் சொன்ன வில்லி பாத்திரத்தின் பெயருக்காகவும் அப்போது ஆளுங்கட்சியாக இருந்த அ.தி.மு.க.வினர் தியேட்டர்கள் முன் இறங்கினார்கள். படம் வெளியாகி மூன்றே நாளில் காட்சியை வெட்டி, பெயரை மியூட் செய்தார்கள். இதெல்லாம் தியேட்டருக்குள் என்ன செய்கிறது என்பது வெளியே தெரியாது. இப்போது படம் ரீல் பெட்டியில் வருவதில்லை. சர்வரில் ஏற்றி வைப்போம், அதைத் திறக்கும் டிஜிட்டல் கீ வந்தால்தான் ஓடும். வெட்டிய படம் வருகிறது என்றால் அதைத் திரும்ப ஏற்ற வேண்டும், அதற்குப் புதுக் கீ வர வேண்டும். ஆபரேட்டர் சர்வர் முன்னால் போனும் கையுமாக உட்கார்ந்திருப்பார். கீழே ஜனங்கள் கேட்டை ஆட்டிக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது வேறு ஒன்று. 1914இல் சினிமா முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டியது கோவையில். படம் எடுக்கும் ஸ்டுடியோக்கள் என்றால் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும். அண்ணாவின் 'வேலைக்காரி', கலைஞர் வசனத்தில் எம்.ஜி.ஆர். நடித்த 'மந்திரி குமாரி', 'மலைக்கள்ளன்' எல்லாம் இந்தக் கொங்கு மண்ணில் உருவான படங்கள். திரையில் பேசிய வசனத்தால் வளர்ந்தவை நம் திராவிடக் கட்சிகள். 1952இல் 'பராசக்தி'யைத் தடை செய்யச் சொல்லிக் குரல் எழுந்தபோது எதிர்த்து நின்றவர்களின் வாரிசுகள், இன்னொருவர் படத்தில் வரும் ஒரு வரியைத் தாங்க மாட்டேன் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, படம் யாரையும் புண்படுத்துவதே இல்லையா? புண்படுத்துகிறது. முஸ்லிம் என்றாலே குண்டு வைப்பவர் என்று வருடக்கணக்காகக் காட்டிவிட்டு அவர்களைக் கோபப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் பக்கத்தில் எடுத்த எத்தனையோ படங்களில் பண்ணையக்காரர் தெய்வம், அவர் தோட்டத்தில் வேலை செய்கிற அருந்ததியர் கைகட்டி நிற்பவர். அதற்காக எந்தக் கலெக்டரும் 144 போட்டு நான் பார்த்ததில்லை. யாருக்குக் கூட்டம் திரட்ட முடிகிறதோ அவர்கள் மனம் புண்பட்டால் மட்டும்தான் படம் நிற்கிறது. கூட்டத்துக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சுப்ரீம் கோர்ட் இதை 1989லேயே சொல்லிவிட்டது. சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டைக் குறை சொன்ன 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப்பட வழக்கு அது. அந்தப் படத்தின் கருத்தோடு எனக்குத் துளியும் உடன்பாடு இல்லை. ஆனால் தீர்ப்பு நூற்றுக்கு நூறு சரி. ஆர்ப்பாட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை அடக்க முடியாது, அதைக் காப்பாற்றுவது அரசின் கடமை என்றது கோர்ட். 2025 ஜூனில் கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் கர்நாடகத்தில் 'தக் லைஃப்' படத்தைத் திரையிட முடியாமல் இருந்தபோதும் அதே கோர்ட் அதையேதான் சொன்னது.

ஆக, சட்டத்தில் குறை இல்லை. போராட்டத்தில் சொத்துக்குச் சேதம் செய்தவர்களிடம் இழப்பீடு வாங்க 1992ஆம் ஆண்டுச் சட்டமே தமிழ்நாட்டில் இருக்கிறது. தியேட்டரை மூடச் சொல்கிற அதிகாரி அதை எழுத்தில் தரட்டும், இல்லையென்றால் நாலு போலீஸை வாசலில் நிறுத்தட்டும்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்தக் கட்சித் தலைவரையாவது பேட்டி எடுக்கும்போது, உங்கள் ஆட்கள் உடைத்த தியேட்டர் கண்ணாடிக்குக் கட்சி பணம் கட்டுமா என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதிலை அப்படியே போடுங்கள்.

இப்படிக்கு,
தியேட்டர் குத்தகைதாரர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம் வட்டம்.