செயற்கை நகம் வலித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்யாண சீசனை முன்னிட்டு உங்கள் பெண்கள் பக்கத்தில் செயற்கை நகங்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எந்தப் பட்டுக்கு எந்த டிசைன், எது எத்தனை நாள் நிற்கும் என்றெல்லாம் விவரமாக எழுதியிருந்தீர்கள். ஒட்டிய இடம் வலித்தால் என்ன செய்வது, எப்படிக் கழற்றுவது என்று மட்டும் ஒரு வரி கூட இல்லை. நான் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்க்கும் நர்ஸ், எங்களுக்குச் செயற்கை நகத்துக்கு அனுமதி இல்லை (நோயாளிகளைத் தொட்டுப் பராமரிப்பவர்கள் போடக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது). ஆனால் போட்டுக்கொண்டு வருபவர்களின் விரல்களை நிறையப் பார்க்கிறேன். வலிக்கிறது என்று சொன்னால் பல பார்லர்களில் "முதல்ல அப்படித்தான் இருக்கும், ரெண்டு நாள்ல பழகிடும்" என்று அனுப்பிவிடுகிறார்கள், என் தங்கைக்கும் இதே பதில்தான் கிடைத்தது.

நகத்தில் நரம்பு கிடையாது. வலிப்பதெல்லாம் அதற்கு அடியில் இருக்கும் சதை. ஒட்டிய அன்று லேசாக இறுக்கமாகத் தெரிவது வேறு, அதை விடலாம். விண் விண் என்று தெறித்தாலோ, எரிந்தாலோ, தலை வாரும்போதும் சட்டைப் பொத்தான் போடும்போதும் உயிர் போனாலோ நகத்தையும் தாண்டி உள்ளே ஏதோ பாதிக்கப்படுகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் காரணம் சாதாரணமானதுதான். அகலம் குறைந்த பிளாஸ்டிக் நகத்தை அழுத்தி ஒட்டியிருப்பார்கள், அல்லது பிடிமானத்துக்காக டிரில் மெஷினை வைத்து நகத்தை அளவுக்கு மேல் தேய்த்து மெலிதாக்கியிருப்பார்கள். ஓரத்திலிருந்து ஓரம் வரை மூடும் அளவைக் கேளுங்கள், இரண்டு அளவுக்கு நடுவில் இருந்தால் பெரியதை எடுத்து அரத்தால் ராவிக்கொள்ளலாம். நீளத்தையும் குறையுங்கள். நீளமான நகம் எங்காவது இடித்தால் நெம்புகோல் மாதிரி வேலை செய்து அடிநகத்தைச் சதையிலிருந்து பெயர்த்துவிடும்.

ஜெல் (விளக்கொளியில் இறுகும் பூச்சு) போடும்போது விளக்குக்குள் கையை வைத்ததும் சுரீரென்று சுடும். ஜெல் இறுகும்போது வெப்பம் வெளிவருகிறது, பூச்சு தடிமனாக இருந்தாலோ நகம் ஏற்கெனவே தேய்ந்திருந்தாலோ அது தாங்க முடியாத அளவுக்குப் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராமல் உடனே கையை வெளியே எடுத்துவிட்டு மெல்லிய பூச்சாகப் போடச் சொல்லுங்கள்.

இதைவிட நான் அதிகம் பயப்படுவது ஒவ்வாமையைப் பற்றி. மூட்டு மாற்று அறுவை சிகிச்சையில் செயற்கை மூட்டை எலும்போடு பிடிக்க வைக்க ஒரு சிமெண்ட் பயன்படுத்துவோம், பொடியையும் திரவத்தையும் கலந்தவுடன் தியேட்டர் முழுக்க ஒரு நெடி அடிக்கும். அந்தத் திரவம் மீதைல் மெத்தக்ரிலேட். அக்ரிலிக் நகமும் இதே பொடி, திரவ முறைதான், ஆனால் நகத்துக்கு எத்தில் மெத்தக்ரிலேட்தான் பயன்படுத்த வேண்டும். மீதைல் வகை நகத்தையும் தோலையும் கெடுக்கிறது என்று அமெரிக்காவில் 1970-களிலேயே அதற்கு எதிராக நடவடிக்கை எடுத்தார்கள், இருந்தும் விலை மலிவு என்பதால் மறுபடி மறுபடி சந்தையில் தலைகாட்டுகிறது. மூக்கைத் துளைக்கும் நெடி, கல் மாதிரி இறுகிப்போவது, நகப்பூச்சைக் கரைக்கும் அசிடோனில் ஊறவைத்தாலும் எளிதில் இளகாதது, இவற்றைப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜெல்லிலும் இந்தக் குடும்பத்து ரசாயனங்கள்தான், ஹெமா என்பது அதில் முக்கியமானது. சரியாக இறுகாத ஜெல் தோலில் படப்படத்தான் ஒவ்வாமை வருகிறது. அதனால்தான் ஆன்லைனில் விளக்கோடு சேர்த்து வாங்கி வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் பெண்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது, விளக்கும் ஜெல்லும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே இறுகியிருக்காது. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹெமா உள்ள நகப் பூச்சுகளைத் தொழில்முறையில் போடுபவர்கள் மட்டும்தான் பயன்படுத்தலாம், ஜெல்லில் சேர்க்கும் டிபிஓ என்ற இன்னொரு பொருளுக்கு 2025 செப்டம்பர் முதல் தடையே வந்துவிட்டது. விரல் நுனி அரித்து வெடிப்பது, சின்னச் சின்னக் கொப்புளம், சில பேருக்கு விரலை விட்டுவிட்டுக் கண் இமையில் தடிப்பு, இதெல்லாம் அறிகுறி. ஒருமுறை வந்த ஒவ்வாமை பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. பல் அடைக்கும் பொருளிலும் நான் சொன்ன எலும்பு சிமெண்டிலும் இதே குடும்பம்தான் இருக்கிறது என்பதால் இருபது வயதில் நகத்துக்காக வாங்கிக்கொண்டது அறுபது வயதில் மூட்டு மாற்றும்போது குறுக்கே நிற்கக்கூடும்.

நகச்சுற்று வந்தால் எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் சொருகுவது நம் வீடுகளில் வழக்கம். செயற்கை நகத்துக்கு அடியில் பச்சையாகத் தெரிந்தால் தயவுசெய்து அதைச் செய்துகொண்டு காத்திருக்காதீர்கள், மேலே இன்னொரு பூச்சுப் போட்டும் மறைக்காதீர்கள். பாத்திரம் தேய்க்கும்போது இடுக்கில் தங்கும் ஈரத்தில் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வளர்வதால் வரும் நிறம் அது. நகத்தைக் கழற்றி, உலர்வாக வைத்து, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோய் இருப்பவர்கள் ஒரு நாள் கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

கழற்றும்போதுதான் பாதிக் கெடுதல் நடக்கிறது. பிய்த்து எடுத்தால் சொந்த நகத்தின் மேல் அடுக்கும் கூடவே உரிந்து வரும். க்ளூ போட்டு ஒட்டியதை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்தால் பெரும்பாலும் தளர்ந்துவிடும். மற்ற வகைகளுக்கு, மேலே உள்ள பளபளப்பை ராவிவிட்டு அசிடோன் நனைத்த பஞ்சைச் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் வைக்க வேண்டும், இளகாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம், அப்புறம் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அசிடோன் குபீரென்று பற்றிக்கொள்ளும், அடுப்பங்கரையில் வைத்துச் செய்யவே கூடாது. நெயில் க்ளூவும் பருத்தித் துணியில் கொட்டினால் சூடாகித் தோலைப் பொசுக்கிவிடும். தேய்ந்த நகம் முழுதாக வளர்ந்து வர ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும், மாதத்துக்கு 3 மில்லிமீட்டர்தான் வளர்கிறது.

கர்ப்பிணிகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். வளைகாப்புக்குப் போட்ட ஜெல் நகத்தோடு பிரசவத்துக்கு வருகிறார்கள். ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கருவியின் ஒளி நகத்தின் வழியாகப் போக வேண்டும், அடர்ந்த நிறம் இருந்தால் அளவு தவறாகக் காட்டலாம். நகம் நீலம் பாரிக்கிறதா என்று கண்ணால் பார்க்கவும் வழி இருக்காது. அவசர சிசேரியன் என்றால் உட்கார்ந்து அசிடோனில் ஊறவைக்க எங்களுக்கு ஏது நேரம்? கடைசி மாதத்தில் கழற்றிவிடுங்கள், மனசு வராவிட்டால் ஒவ்வொரு கையிலும் ஒரு விரலையாவது வெறுமனே விடுங்கள்.

ஆசைப்படுவதை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்லர் நடத்துபவர்கள் போடும் பொருளின் பாட்டிலைக் காட்டட்டும், வாங்கும் காசில் கழற்றுவதும் அடக்கமா என்று முன்பே சொல்லட்டும். நீங்களும் ஒரு தோல் மருத்துவரிடம் கேட்டு, அதே பெண்கள் பக்கத்தில், இந்தக் கல்யாண சீசன் முடிவதற்குள் ஒரு கட்டுரை போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர், மதுரை