அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிகளுக்கும், ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனை சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எஸ்டேட்டில் எந்த கேட்டைப் பார்த்தாலும் ‘ஆட்கள் தேவை’ போர்டு தொங்குகிறது. டீக்கடையில் உங்கள் புலம்பலும் அதுதான்: ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தால் நிற்பதில்லை. காண்ட்ராக்டர் ஒரு பையனை அனுப்புகிறார். கேஜ் (அளவு பார்க்கும் கருவி) பிடிக்கச் சொல்லிக்கொடுத்து, கை பழகி, ரிஜெக்‌ஷன் குறைகிற நேரத்தில் அவன் தீபாவளிக்கு ஊருக்குப் போகிறான். அப்புறம் போன் ஸ்விட்ச் ஆஃப்.

உங்கள் கண்ணில் படாமல் ஒரு கூட்டம் வேலை தேடிக்கொண்டிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11.8 லட்சம் மாற்றுத்திறனாளிகள். அவர்களுக்கு தர்மம் செய்யுங்கள் என்று கேட்க நான் எழுதவில்லை. தர்மமாக எடுத்த ஆளை ஓர் ஓரமாக உட்காரவைத்துவிட்டு, ஆண்டு விழாவில் சால்வை போட்டு போட்டோ எடுப்பதை நிறையப் பார்த்தாகிவிட்டது. எனக்கு அது பிடிக்காது. கணக்காகவே பேசுவோம்.

எங்கள் பிரிவில் காது கேளாத இளைஞர்கள் சிலர் சேர்ந்தார்கள். நான் ஓய்வு பெறும்போதும் அவர்கள் அதே பெஞ்சில்தான் இருந்தார்கள். அந்த வருஷங்களில் பக்கத்து பெஞ்சில் எத்தனை பேர் மாறினார்கள் என்று எனக்கே நினைவில்லை. இதை நன்றி விசுவாசம் என்று சொல்லாதீர்கள். மற்ற பையன்கள் ஐந்நூறு ரூபாய் கூடக் கிடைத்தால் அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். இவர்களை அடுத்த தெருவில் இன்டர்வியூவுக்கே கூப்பிடுவதில்லை. இது நமக்குப் பெருமையான விஷயம் இல்லை. ஆனால் மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போது முதலில் கேட்டைத் திறக்கிற முதலாளிக்கு நல்ல ஆட்கள் கிடைப்பார்கள் என்பது நிஜம். ஓசூரில் டைட்டன் வாட்ச் தொழிற்சாலை ஆரம்ப காலத்திலிருந்தே இப்படி ஆள் எடுத்து வருகிறது.

காது கேளாத அந்த இளைஞர்கள் வந்ததும் எங்கள் பட்டறையில் சில வேலைகள் செய்ய வேண்டியிருந்தது. சைரனோடு ஒரு சுழல் விளக்கும் மாட்டினோம். ஃபோர்க்லிஃப்ட் பின்னால் வரும்போது எரிய ஒரு விளக்கு. இன்ஸ்பெக்‌ஷன் ஷீட்டில் இங்கிலீஷ் பத்திகளை எடுத்துவிட்டு, நல்ல பீஸ், கெட்ட பீஸ் போட்டோக்களை வைத்து, எந்த இடத்தில் பர் (உலோகப் பிசிறு) வரும் என்று சிவப்பில் வட்டம் போட்டோம். இதனால் அதிகம் பயன் அடைந்தது யார் தெரியுமா? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்கள். தமிழும் படிக்க வராது, இங்கிலீஷும் வராது. இதற்கு முன் தலையை மட்டும் ஆட்டுவார்கள். படத்தைப் பார்த்ததும் வேலை பிடிபட்டது. ஒரு புது ஆளைப் பழக்குகிற நேரம் கண்கூடாகக் குறைந்தது. உலோகத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் ஷாப்பில் இன்னொரு வேடிக்கை. அந்த இரைச்சலில் எல்லோரும் காதில் பிளக் வைத்திருப்பதால் யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. ‘நிறுத்து’, ‘டை (அச்சு) மாற்று’, ‘சரி’ என்று காது கேளாத பையன்கள் காட்டும் சைகையைக் கொஞ்ச நாளில் மொத்த ஷிப்டும் பழகிக்கொண்டது. அதை யாரும் பாடமாக நடத்தவில்லை.

மெஷினில் கை போய்விட்டால் யார் பொறுப்பு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் டூபாண்ட் ரசாயன நிறுவனம் தன்னிடம் வேலை பார்த்த மாற்றுத்திறனாளிகளைப் பற்றிப் பல முறை கணக்கெடுத்திருக்கிறது. 1990-ல் வெளியிட்ட கணக்கில் 811 பேர். பாதுகாப்பு விஷயத்தில் அவர்களில் 97 சதவீதம் பேர் சராசரி அல்லது அதற்கு மேல். வருகையில் 86 சதவீதம். இந்த மதிப்பெண் போட்டவர்கள் என்னைப் போன்ற சூப்பர்வைசர்கள்தான் என்பதால் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். அப்படியும் ‘விபத்து ஆகும்’ என்ற பயத்துக்கு அதில் ஆதாரம் இல்லை. எல்லா மெஷினும் எல்லோருக்கும் பொருந்தாது என்பதும் உண்மை. அது ரெண்டு கை, ரெண்டு கால் உள்ளவர்களுக்கும் சேர்த்துத்தான்.

ஆக்சென்சர் என்ற ஆலோசனை நிறுவனம் 2018-ல் அமெரிக்காவின் 140 கம்பெனிகளைப் பார்த்து, மாற்றுத்திறனாளிகளைச் சேர்ப்பதில் முன்னணியில் இருந்த 45 கம்பெனிகளின் வருவாய் மற்றவற்றைவிட 28 சதவீதம் அதிகம் என்றது. இதை மேடைக்கு மேடை சொல்கிறார்கள். எனக்கு முழு நம்பிக்கை இல்லை. நன்றாக நடக்கிற கம்பெனி இதையும் நன்றாகச் செய்கிறதோ என்னவோ. உங்கள் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரே உங்களுக்குப் போதுமான ஆதாரம்.

செலவு என்று பெரிதாக நினைக்கிறீர்கள். வாசலில் அரை அடி உயரப் படி இருந்தால் ஆறு அடி நீளச் சாய்தளம் போதும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பதுதான் விதி. ஒரு கொத்தனார் வேலை. கழிப்பறைதான் உண்மையான தொல்லை, கதவு அகலம் போதாது, அதை இடித்துத்தான் ஆக வேண்டும். அக்கவுண்ட்ஸில் பார்வையற்றவரை வைத்துக்கொள்ள கம்ப்யூட்டர் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற திரை வாசிப்பான் இலவசமாகவே கிடைக்கிறது. இணைப்புச் சக்கர ஸ்கூட்டரில் வருபவருக்கு கேட் ஓரமாக ஓர் இடம் விடுங்கள். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு ஷிப்ட் நேரத்தில் அரை மணி விட்டுக்கொடுங்கள். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு டிக்கெட் காசு இல்லை. ஆனால் தாழ்தளப் பேருந்து சென்னைக்கு 2024-ல்தான் திரும்ப வந்தது, இன்னும் எல்லாத் தடத்திலும் இல்லை. உயரமான படியில் காலை நேரக் கூட்டத்தோடு ஏறிப் பார்த்தால் நான் சொல்வது புரியும்.

சட்டத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் விதிகள்படி, 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை எழுதி வைத்து, தொடர்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். உங்கள் பைலில் அது இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். பாதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது என்பது என் ஊகம்.

ஆள் எங்கே என்று கேட்காதீர்கள். கிண்டியிலேயே மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய வேலைவாய்ப்பு சேவை மையம் இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. எபிலிட்டி ஃபவுண்டேஷன் போன்ற அமைப்புகளும் சென்னையில் பல காலமாக இந்த வேலையைச் செய்கின்றன. இன்டர்வியூவில் கூட வந்த அம்மாவிடம் கேள்வி கேட்காதீர்கள். ஒரு நாள் பெஞ்சில் உட்காரவைத்து நூறு பீஸைக் கொடுங்கள், தெரிந்துவிடும்.

ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பானவன். வேறு போக்கிடம் இல்லை என்று தெரிந்துகொண்டு சம்பளத்தைக் குறைக்காதீர்கள். அதே வேலைக்கு அதே சம்பளம், அதே பி.எப்., அதே ஓ.டி. இதற்கு மனசு வராதவர்கள் இந்தக் கடிதத்தை விட்டுவிடலாம். மற்றவர்கள் அடுத்த காலியிடத்தைக் காண்ட்ராக்டரிடம் சொல்வதற்கு முன் கிண்டி மையத்துக்கு ஒரு போன் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு சூப்பர்வைசர்,
கொரட்டூர், சென்னை.