1ஆம் எண் கூண்டுக்கு எதற்கு இத்தனை சைரன்?

பெறுநர்: குறைதீர் அலுவலர், செய்தித் தொலைக்காட்சி
அனுப்புநர்: காசிமேடு, தண்டையார்பேட்டை நேயர்கள்
பொருள்: கடந்த செவ்வாய் மாலை 6 முதல் 8 மணி வரையிலான மழைச் செய்தி

ஐயா / அம்மா, வணக்கம்.

நவம்பர் மழையை நீங்கள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஆனால் புழல் ஏரியில் எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள், துறைமுகத்தில் என்ன புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது என்பதற்கு டிவியைத்தான் போடுகிறோம்.

அன்று எண்ணூரில் ஏறியது 1ஆம் எண் கூண்டு. கீழே ஓடிய எழுத்திலும் அப்படித்தான் இருந்தது. மேலே சிவப்புப் பட்டையிலோ 'வடசென்னையை விழுங்க வரும் புயல்', கூடவே சைரன். 1 என்றால் தூரக் கடலில் புயல் உருவாகலாம். 2 என்றால் உருவாகிவிட்டது, அதுவும் தூரத்தில்தான். 3, 4 வந்தால்தான் துறைமுகத்துக்கே மிரட்டல். 5 முதல் 7 வரை அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். காசிமேட்டில் வலை பின்னுகிறவரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். 1க்கே இந்தச் சத்தம் போட்டுப் பழக்கினால், 8 ஏறும் அன்று படகை இழுத்துக் கட்ட எவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

உங்கள் நிருபர் 'அதி கனமழை' என்றார். நுங்கம்பாக்கத்தில் பதிவானது 4 செ.மீ. வானிலை மையக் கணக்கில் அது மிதமான மழை. 7 செ.மீ.யில்தான் கனமழை தொடங்குகிறது. அதி கனமழைக்கு 21 செ.மீ. வேண்டும்.

புழல் விஷயம் இன்னும் மோசம். திறந்தது 200 கனஅடி, அதாவது நொடிக்குச் சுமார் 5,600 லிட்டர். உபரிக் கால்வாய் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர்ப் பக்கம் போகிறது. நீங்கள் வரைபடத்தில் ராயபுரம், பெரம்பூர் வரை சிவப்படித்தீர்கள். எச்சரிக்கை தேவைப்பட்ட சடையங்குப்பத்தின் பெயர் இரண்டு மணி நேரத்தில் ஒரு தடவைகூட வரவில்லை.

மாலை 6.40க்கு 'நேரலை' என்று கணேசபுரம் சுரங்கப்பாதை. தண்ணீரில் பேருந்து, படத்தில் பட்டப்பகல் வெளிச்சம்! நவம்பரில் இங்கே ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அதே 11 நொடிக் காட்சி 14 முறை ஓடியது.

இதெல்லாம் டிஆர்பிக்காக (சேனலை எவ்வளவு பேர் பார்க்கிறார்கள் என்ற கணக்கு) என்றால், 2020 அக்டோபரில் செய்தி சேனல்களுக்கு நிறுத்திய டிஆர்பி 2022 மார்ச்சில் திரும்பியபோது நான்கு வாரச் சராசரியாகத்தான் வந்தது. ஒரு மாலைக் கூச்சலுக்கு அதில் எவ்வளவு தேறும்?

எங்களுக்கு வேண்டியது: அதே 6 மணிச் செய்தியில், பின்னணி இசை இல்லாமல், திருத்தம். பழைய படம் போட்டால் அது ஓடும் நேரம் முழுக்க 'கோப்புக் காட்சி' என்ற எழுத்தும் தேதியும். கூண்டு எண் சொன்னால் அதன் பொருளும் திரையிலேயே.

கேபிள் டிவி விதி 6, அரை உண்மையை ஒளிபரப்பக் கூடாது என்கிறது. 2021 திருத்தப்படி இக்கடிதம் கிடைத்த 24 மணி நேரத்தில் ஒப்புகையும் 15 நாளில் முடிவும் தர வேண்டும். தவறினால் சேனல்களின் சுயக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு எழுதுவோம். ஒளிபரப்பியதன் பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டியது உங்கள் கடமை. செவ்வாய்க்கிழமைப் பதிவை அழித்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
நேயர்கள்